புழுவுக்கு விரித்த புத்தகங்கள்

என் புத்தகங்களைக் கிழித்துப் பட்டுப்புழுவுக்குப் படுக்கை போட்ட மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. வயது ஏற ஏற மனம் கனிந்துவிடும் என்று கட்டுரைகளில் எழுதுகிறார்கள். எனக்குத் தலை நரைத்தது, பல் விழுந்தது, மனம் மட்டும் பச்சைக் காயாகவே நிற்கிறது. கடித்துப் பார்த்தால் இன்னும் துவர்க்கும்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. பண்பாடு காரணமல்ல. பெயர் சொல்லாமலே பென்னாகரம் ரோட்டில் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். எனக்கு அது போதும்.

அவருடைய பண்ணையில் நான் தங்கி வேலை பார்த்தேன். அதற்கு முன்பு சேலத்தில் ஒரு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவனாக இருந்தேன். அடுத்தவர் எழுதியதில் உள்ள தப்பைக் கண்டுபிடிப்பதற்காக எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அச்சகத்தை மூடியதும் வீட்டிலிருந்து அதே வேலையை இலவசமாகச் செய்ய ஆரம்பித்தேன். சாம்பாரில், கோலத்தில், மகளின் போன் பேச்சில். என் மனைவி ஒருநாள் சொன்னாள்: "இங்க திருத்தினது போதுங்க. எங்கியாவது போயி நாலு பேருக்கு ஒபகாரமா இருங்க." அந்த வாக்கியத்தில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

தெரிந்தவர் ஒருவர், தர்மபுரிப் பக்கம் பட்டுப்பூச்சி வளர்க்கிறவருக்கு நம்பகமான ஆள் வேண்டுமாம், அங்கேயே தங்கிக்கொள்ளலாமாம் என்றார். மோட்டார் போட வேண்டும், புழுக்கொட்டகையின் சூடு பார்க்க வேண்டும், எலி வந்தால் விரட்ட வேண்டும். நான் கிளம்பிவிட்டேன். விவசாய வாழ்க்கையின் மேன்மையைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். அந்த நூல்களை எழுதியவர்கள் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்பது, முதல் வாரம் மல்பெரிக் குச்சி வெட்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது.

என்னோடு ஒரு தகரப் பெட்டி வந்தது. அதில் என் புத்தகங்கள். மற்றவர்கள் சினிமாவுக்குக் காசு சேர்த்து வைப்பதுபோல நான் இளமையிலிருந்து மதியச் சாப்பாட்டைச் சுருக்கிச் சேர்த்தவை. தடித்தடியான மொழிபெயர்ப்பு நாவல்கள், அட்டை போன உரைநூல்கள், அகராதியில் இரண்டாம் தொகுதி மட்டும். முதல் தொகுதியை வாங்கிப்போன நண்பர் இன்றுவரை 'அ' முதல் 'ஔ' வரை நன்றாக வாழ்கிறார். கரையானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் பயந்து அந்தப் பெட்டியில் வருஷக்கணக்காக அந்துருண்டை போட்டு வைத்திருந்தேன். உருண்டைகள் கரைந்து பொடியாகித் தாள்களுக்கு நடுவே இறங்கியிருந்தன. அந்த வாசம் எனக்குத் தெரிவதே இல்லை. மற்றவர்களுக்கு அது பீரோ வாசம். எனக்கு அது படிப்பின் வாசம்.

பண்ணை பெரிதில்லை. மல்பெரித் தோட்டம், வரப்போரம் தென்னை, நடுவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளக் கொட்டகை. மூலையில் மோட்டார் ரூம். அதுதான் எனக்கு ஜாகை. ஒரு பாதியில் மோட்டார், மறு பாதியில் நான். சத்தம் போடுவது ஒன்று, போடாதது ஒன்று என்று பகுத்துக்கொண்டோம். ஓனர் அதியமான்கோட்டையில் தன் தாயாரோடு இருந்தார். தினமும் காலையில் காரில் வருவார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். எல்லோரும் தன்னை 'அண்ணா' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவர் விருப்பம். நான் கூப்பிட்டேன். அவர் என்னை 'வாத்தியாரே' என்றார். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று முதலில் பிரித்துப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

எங்களோடு ஒரு தம்பதியும் தங்கியிருந்தார்கள். சித்தேரி மலையிலிருந்து வந்தவர்கள். கொட்டகைக்குப் பின்னால் ஓட்டு வீடு அவர்களுக்கு. கணவர் அதிகம் பேசமாட்டார். எதைச் சொன்னாலும் "ஆவட்டுங்க" என்பார். அந்தப் பெண்தான் அந்தப் பண்ணையின் உயிர் என்று சொல்ல வேண்டும். புழு எப்போது தோலுரிக்கப் போகிறது, எப்போது இலை போதவில்லை, எந்தத் தட்டில் எறும்பு ஏறப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். ஓனர் அதையெல்லாம் செல்போனில் வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்து முடித்துவிட்டு அவளிடம் கேட்பார்.

பட்டுப்புழு வளர்க்கும் இடத்தில் வாசம்தான் சட்டம். பீடி கூடாது, கொசுவர்த்தி கூடாது, தலைக்கு மணக்கும் எண்ணெய் கூடாது, பூ கூடாது, புகையிலை பிடித்த கையால் இலையைத் தொடக்கூடாது. கொட்டகை வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கால் நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நான் வந்த முதல் நாளே ஓனர் என்னைச் சுற்றி ஒரு நடை நடந்து மோந்து பார்த்தார். முட்டிக்குத் தேய்க்கும் என் தைலத்தைப் பிடுங்கித் தென்னைக்கு அப்பால் வீசினார்.

"வாத்தியாரே, இது பூச்சிக்கு வெசம். தெரியுமா?"

"எனக்கு முட்டி வலிங்க அண்ணா."

"உங்க முட்டிக்கு வேற முட்டி மாத்திக்கலாம். செத்த பூச்சிக்கு வேற உசுரு மாத்த முடியுமா?"

இத்தனைக்கும் அவருக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம். மூக்கு அவருக்கு மூச்சு விடவே போதாது. ஆனாலும் எல்லோரையும் மோந்து பார்ப்பது அவர்தான்.

வாசத்தோடு இன்னொரு சட்டமும் உண்டு. மாதத்தில் அந்த மூன்று நாள் பெண்கள் கொட்டகைக்குள் வரக்கூடாது. வந்தால் புழு தங்காது என்று ஓனரின் தாயார் உறுதியாக நம்பினார். அந்த நாட்களில் அவள் வாசலுக்கு எட்ட நின்றுகொண்டு, "மேல ரெண்டாவது தட்டுல எல ஒதறிப் போடுங்கண்ணா, கொத்தாப் போட்டா அழுவிடும்" என்று எனக்குச் சத்தமாகச் சொல்வாள். நான் போடுவேன். அது சரியில்லை என்பாள். மறுபடி போடுவேன்.

புழுக்களைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிட வேண்டும். அவை மேல் எனக்குப் பொறாமை. வேளைக்கு வேளை பறித்த இலை, ஈரச் சாக்கு கட்டிய குளிர்ச்சி, கண்ணில் படும்போதெல்லாம் "தின்னுதா? தின்னுதா?" என்று விசாரிக்க ஓர் ஓனர். எனக்குக் களி. தின்றேனா என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் விரோதம் எதுவும் இல்லை. பிற்பாடு நடந்ததற்கு இது முக்கியம்.

என் கடைவாய்ப் பல் ஒன்று வீங்கி, தர்மபுரிக்குப் போய்ப் பிடுங்கிக்கொள்ள வேண்டி வந்தது. புதுப் புழு மறுநாள் வருவதாக ஏற்பாடு. அதற்குள் திரும்பிவிடலாம் என்று காலையிலேயே பஸ் ஏறினேன். ஆனால் இளம்புழு கொண்டுவருகிற வண்டி சொன்ன நாளுக்கு முன்பே வந்துவிட்டது. புழுவைப் பரப்பும் தட்டுகளில் முதலில் செய்தித்தாள் விரிக்க வேண்டும். அதற்காக வாங்கி வைத்திருந்த பழைய பேப்பர் கட்டு முந்தின நாள் மழையில் திறந்த வண்டியிலேயே கிடந்து கூழாகிவிட்டிருந்தது. கூடை கூடையாகப் புழு வந்து நிற்கிறது, விரிக்கத் தாள் இல்லை. ஓனர் சுற்றுமுற்றும் பார்த்திருக்கிறார். மோட்டார் ரூமில் என் பெட்டி கண்ணில் பட்டிருக்கிறது.

நான் கன்னம் வீங்கி, வாயில் பஞ்சோடு சாயங்காலம் வந்து சேர்ந்தேன். பெட்டி திறந்து கிடந்தது. அட்டைகள் மட்டும் அதற்குள் ஒழுங்காக அடுக்கியிருந்தன, உரித்துப் போட்ட பழத்தோல்போல. நான் கொட்டகைக்கு ஓடினேன். கால் நனைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். பதற்றத்திலும் சட்டத்தை மீறாத ஜன்மம்.

தட்டுத் தட்டாக என் நூலகம் விரிந்து கிடந்தது. அதன்மேல் மல்பெரி இலை, இலைமேல் புழு. ஒரு நாவலின் மரணப் படுக்கைக் காட்சி, கீழ்த்தட்டில், ஓரமாக. நான் அதைப் படித்து அழுத இடம். அகராதியின் இரண்டாம் தொகுதி நடுத்தட்டு முழுக்கப் பரவியிருந்தது. ஒரு புழு உரைநூல் ஒன்றின் முன்னுரைமேல் எச்சமிட்டுக்கொண்டிருந்தது. அந்த முன்னுரைக்கு அது நியாயம்தான் என்பதை அந்த நிலையிலும் ஒப்புக்கொண்டேன்.

"என்னங்க அண்ணா இது!"

"பேப்பரு நனைஞ்சுபோச்சு வாத்தியாரே. அவசரத்துக்கு ஒதவுச்சு. நல்ல தாளு. உறிஞ்சுது பாருங்க."

"கேட்டிருக்கலாமே. போன் இருக்குதே."

"பல்லு புடுங்குறவரைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான். நீங்கதான் அதெல்லாம் படிச்சு முடிச்சிட்டீங்களே. மறுபடி மறுபடி அதே கதையா?"

நான் பஞ்சைத் துப்பிவிட்டு, தெளிவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்: "அந்தத் தாள்ல அந்துருண்டை ஏறியிருக்குங்க. வருஷக்கணக்கா ஏறியிருக்கு. பூச்சியைக் கொல்றதுக்குன்னே போட்டது. புழு தாங்காது. இப்பவே மாத்துங்க."

ஓனர் சிரித்தார். ஒரு தாளை எடுத்து அந்த அடைத்த மூக்கில் வைத்து இழுத்தார். "ஒரு வாசமும் இல்ல. புக்கு திரும்பி வேணும்னு நேராக் கேளுங்க. பூச்சிய எதுக்கு இழுக்குறீங்க?"

அங்கே நின்றிருந்த அந்தப் பெண் சொன்னாள்: "இல்லீங்கண்ணா. எனக்கும் வருதுங்க. மத்தியானமே சொன்னேன். துணிப் பொட்டி வாசம் அடிக்குது."

"அது புக்கு வாசம்மா. படிக்காத ஒனக்கு எங்க தெரியும்?"

அவள் இலைக் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தட்டுக்குப் போனாள். அவள் கணவர், தாள் கிழிக்க ஒத்தாசை செய்தவர், என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். நான் ஒருமுறை சொல்லிவிட்டேன். மெய்ப்புத் திருத்துபவனின் கடமை அதுவரைதான். விளிம்பில் குறி போடலாம், ஆசிரியர் ஏற்கவில்லை என்றால் அப்படியே அச்சாகும். அச்சாகட்டும் என்று முடிவு செய்தேன்.

உள்ளதைச் சொல்கிறேன், அன்று முதல் நான் சந்தோஷமாக இருந்தேன். பழிவாங்கும் உணர்ச்சி உடம்புக்கு இவ்வளவு நல்லதென்று எந்த மருத்துவப் புத்தகத்திலும் படித்ததில்லை. பல் வலி மறந்தது. முட்டிகூடத் தேவலாம். மறுநாள் காலையில் தட்டுத் தட்டாகப் பார்த்துக்கொண்டே போனேன். புழுக்கள் இலைமேல் ஏறவில்லை. தாளைவிட்டுத் தட்டின் விளிம்புக்குப் போய்க் கும்பலாக நின்றன. என் புத்தகங்களைக் கண்டு முதலில் ஓடியவர்கள் இவர்கள்தான் என்று சொல்ல முடியாது, ஆனால் இவ்வளவு வேகமாக யாரும் ஓடியதில்லை. அடுத்து மஞ்சளாகக் கக்க ஆரம்பித்தன. தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டின. அப்புறம் ஆட்டவில்லை.

ஓனர் சுண்ணாம்புத் தூள் தூவினார். ஃபேன் போட்டார். போட்டோ எடுத்துப் பட்டுக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் போட்டார். அதில் ஒருவர் "வெப்பம்" என்றார், ஒருவர் "குளிர்" என்றார், ஒருவர் கைகூப்பும் படம் அனுப்பினார். என் புத்தகத்தின் பெயரை யாரும் சொல்லவில்லை. நான் வாசலில் நின்று தேங்காய் மட்டை உரித்துக்கொண்டிருந்தேன். உரித்ததையே உரித்தேன். செத்த புழுக்களைத் தாளோடு சுருட்டிக் குழியில் போட்டபோது, என் அகராதி என்னைப் பார்த்து ஒரு ராணுவ வணக்கம் வைத்துவிட்டுப் போவதாகப்பட்டது. மிகையான உவமைதான். அடுத்தவர் எழுதியிருந்தால் அடித்துவிட்டிருப்பேன். அப்போது அடிக்கத் தோன்றவில்லை.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் நான் நிம்மதியான மனிதன். முடியவில்லை. கொட்டகை காலியானதும் ஓனர் அதியமான்கோட்டையிலிருந்து தன் தாயாரை அழைத்து வந்தார். தென்னை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார் அந்த அம்மா. பக்கத்துத் தோட்டத்து ஆட்களும் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். ஒரு பண்ணையில் புழு மொத்தமாகப் போனால் ஏன் போனது என்று மற்றவர்களுக்கும் தெரிந்தாக வேண்டும். தங்கள் புழுவுக்கும் வந்துவிடுமோ என்று பயம்.

அந்த அம்மா நேராக மலைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, எனக்கு நெசத்தைச் சொல்லு. அந்த மூணு நாள்ல உள்ள போனியா?"

"இல்லீங்கம்மா."

"மொத்தமும் ஒரேயடியா போறது வேற எதுலயும் வராது. தீட்டுலதான் வரும். போயிருந்தா போனேன்னு சொல்லிடு. ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"போவலைங்கம்மா. எனக்கு அந்த நாளே இல்லீங்க அப்ப."

"முனியப்பன் கோயில்ல கல்பூரம் ஏத்தி அணைப்பியா?"

கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்வது இந்தப் பக்கம் விளையாட்டல்ல. செய்தாலும் கேவலம், செய்யாவிட்டாலும் கேவலம். செய்தவளை, ஏதோ இருக்கப்போய்த்தானே சத்தியம் வரைக்கும் போனது என்பார்கள். புழு கெடுத்தவள் என்று ஒரு பெண்ணுக்குப் பேர் வந்துவிட்டால் எந்தக் கொட்டகையிலும் அவளை வாசலுக்குக்கூட விடமாட்டார்கள். அவள் கணவர் பக்கத்தில் நின்றார். முதல்முறையாக "ஆவட்டுங்க" என்று சொல்லவில்லை.

எனக்குள் இருந்த சந்தோஷம் அப்போது புளித்துப்போனது. தன் பழியை வேறொருத்தி தலையில் இறக்கிவிட்டுக் காரில் போகப் பார்க்கிறார் மனிதர். என் அகராதி செய்த வேலைக்கு ஒரு பெண்ணின் உடம்பு பொறுப்பாம். நான் மோட்டார் ரூமுக்குப் போனேன். பெட்டியில் அட்டைகளுக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் தப்பிப் பிழைத்திருந்த ஒரு கட்டுத் தாளையும், கரையாமல் மிச்சமிருந்த உருண்டைகளையும் எடுத்துக்கொண்டு வந்தேன். நேராக அந்த அம்மா கையில் கொடுத்தேன்.

"மோந்து பாருங்கம்மா. உங்க மூக்கு நல்லாத்தானே இருக்கு?"

மோந்தார். முகம் சுருங்கியது. "பீரோவுல போடுறதுல்ல இது?"

"அதேதாங்க. இந்தத் தாளைத்தான் புழுவுக்குக் கீழ விரிச்சது. விரிக்கக் கூடாதுன்னு நான் சொன்னேன். வாசம் வருதுன்னு இந்தம்மாவும் சொன்னாங்க. விரிச்சது யாருன்னு உங்க பையனையே கேளுங்க."

சுற்றி நின்றவர்களில் ஒருவர் கெக்கென்று சிரித்துவிட்டு, இருமல்போல மாற்றினார். அந்த அம்மா மகனைப் பார்த்தார். மகன் செல்போனைப் பார்த்தார். நியாயம் என்ற ஒன்று வாசலில் வந்து செருப்பைக் கழற்றுகிறது என்றே நினைத்தேன்.

"அப்பிடின்னா ஒங்க பொஸ்தகம்தான் கொன்னுருக்குது" என்றார் ஓனர், என்னைப் பார்த்து. "வெசத்தைப் பொட்டியில வெச்சுக்கிட்டு என் எடத்துல குடியிருந்திருக்கீங்க. தைலத்தை வீசுனனே, அப்பவே பொட்டியையும் தொறந்து பாத்திருக்கணும்."

தாயார் தாளை மடித்து நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "என்னவோப்பா. இதுவும் இருக்கும், அதுவும் இருக்கும். இவளும் உள்ள போயிருப்பா. எதுக்கும் வேற ஆளு பாத்துக்க."

அன்றே அவர்கள் கிளம்பிவிட்டார்கள். நானும் கிளம்பினேன். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் அவர்கள் அரூர் வண்டிக்கு நின்றார்கள், நான் சேலம் வண்டிக்கு. அவள் அழுதிருந்தாள், ஆனால் பேசும்போது குரல் வற்றலாக இருந்தது.

"அண்ணா, ஒங்க புக்கு போனது பெருசா, என் பேரு போனது பெருசா?"

"உன் பேருதாம்மா."

"புக்கு கடையில கெடைக்கும். இது எந்தக் கடையில கெடைக்கும்? சொல்லுங்க, போயி வாங்கியாறேன்."

இவ்வளவு படித்தும் பதில் தெரியவில்லை என்று எழுதத்தான் கை போகிறது. படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, விட்டுவிடுகிறேன்.

அவள் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. நடந்ததை அரூர் வண்டியிலேயே சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். அங்கிருந்து மலை ஏறுகிற வண்டியில் சொல்லியிருக்கிறாள். கூலி வேலைக்கு மலையிலிருந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் எந்தத் தோட்டத்தில் என்ன நடக்கிறது என்று அந்த வண்டிகளில்தான் பேசிக்கொள்வார்கள். வேலை செய்தவள் பேச்சைக் கேட்காமல் புழுவைச் சாகடித்துவிட்டு, பழியை அவள் தீட்டின்மேல் போடுகிற பண்ணை என்று ஆகிவிட்டது. அடுத்த தடவை புழு எடுக்க ஓனருக்கு ஆள் கிடைக்கவில்லை. கீழே கேட்டாலும் சிரித்தார்கள். பக்கத்துத் தோட்டக்காரர்கள் அவரை 'அந்துருண்டை' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். முகத்துக்கு நேராக 'அண்ணா', முதுகுக்குப் பின்னால் 'அந்துருண்டை'. இதை எனக்குப் போனில் சொன்னவருக்கு நான் ரீசார்ஜ் செய்துவிட்டேன்.

தோட்டத்தில் இலை முற்றிக்கொண்டிருந்தபோது ஓனரின் கார் சேலத்தில் எங்கள் தெருவுக்கு வந்தது. என் மனைவி என்னைத் திரும்ப அழைத்துப்போக யாரோ வந்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் நல்ல காபி போட்டுக் கொடுத்தாள்.

"வாத்தியாரே, அந்தம்மா வந்தாத்தான் மத்தவங்களும் வருவாங்களாம். நீங்க சொன்னா கேப்பாங்க. ஒரு எட்டு மலைக்கு வாங்க."

பின் சீட்டில் ஒரு சாக்கு. எனக்காக வாங்கி வந்ததாகச் சொன்னார். பிரித்துப் பார்த்தேன். போட்டித் தேர்வுக் கையேடுகள், ஒரு வருஷத்துப் பழைய பஞ்சாங்கம், ஆங்கிலத்தில் கணினிப் பாடம். பழைய பேப்பர் கடையில் வாங்கியிருக்கிறார்.

"ஒங்க பொட்டி அளவுக்குச் சரியா நிறுத்துதான் வாங்குனேன். எடை கொறையாது."

இரக்கத்தில் நான் போகவில்லை. அவர் போய்க் கெஞ்சுவதைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றுதான் போனேன். வழியெல்லாம் வளைவு. அவர் ஓட்டினார், நான் கையேடுகளின்மேல் காலை நீட்டிக்கொண்டேன்.

அவள் வீட்டு வாசலில் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். காரைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. ஓனர் வேலிப் படலைத் தாண்டக் காலெடுத்தபோது கையைத் தூக்கினாள்.

"அங்கியே நில்லுங்கண்ணா. நான் வெளிய இருக்கேன். மூணு நாள் கணக்கு. ஒங்களுக்குத்தான் ஆவாதே. பூச்சி வளக்குறவரு நீங்க, தீட்டு ஒட்டிக்கும்."

ஓனர் கால் அந்தரத்தில் நின்று, திரும்பி ரோட்டுக்கே போனது.

"நீங்க வாங்கண்ணா" என்றாள் என்னிடம். "ஒங்ககிட்டதான் சாகுறதுக்கு ஒண்ணும் இல்லியே."

நான் போய் உட்கார்ந்தேன். அவள் கணவர் வெல்லம் போட்ட காபி கொண்டுவந்து வைத்தார். ரோட்டில் வெயில் சுள்ளென்று இருந்தது. ஓனர் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு ஏதோ சொன்னார்.

"கேக்கலைங்கண்ணா. எட்டக்க நிக்கிறீங்க. சத்தமாச் சொல்லுங்க."

"நடந்தது நடந்துபோச்சும்மா! வேலைக்கு வாங்க!"

"என்ன நடந்துச்சுங்க?"

அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். களத்தில் தானியம் காயப் போட்டிருந்தவர்கள் குச்சியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள்.

"தாளுல அந்துருண்டை இருந்துச்சு!"

"யாரு விரிச்சது?"

"நான்தான்!"

"வாசம் அடிக்குதுன்னு யாரு சொன்னது?"

"நீதான்!"

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க? இவங்களுக்குத் தெரியாதில்ல. சொல்லுங்க."

ஓனர் சுற்றிலும் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். "படிக்காத ஒனக்கு எங்க தெரியும்னு சொன்னேன்!"

சிரிப்பு களத்திலிருந்து கிளம்பித் தெரு முனைக்குப் போய்த் திரும்பியது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.

"என் மேல தப்பு இருக்குதுங்களா?"

"இல்லம்மா!"

"அத ஒங்கம்மாவுக்கும் இதே மாதிரி சத்தமாச் சொல்லுங்க. அவங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்னு நெனைக்கிறேன்."

"சொல்றேன்! வேலைக்கு வர்றியாம்மா?"

"வரலைங்கண்ணா. இங்க சாமை அறுப்பு இருக்குது. பாத்துப் போங்க. எறக்கத்துல வளைவு ஜாஸ்தி."

நான் அவள் கணவரிடம் மெதுவாகக் கேட்டேன், அவள் நிஜமாகவே வெளியில் இருக்கிறாளா என்று. அவர் குனிந்து என் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. காலையிலதான் கோயிலுக்குப் போயிட்டு வந்தா."

ரோட்டில் ஓனர் காரின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். காரில் ஏசி இருந்தது. மலை வண்டி வர இன்னும் வெகுநேரம் ஆகும்.

"இன்னொரு டம்ளர் கிடைக்குமா?" என்று கேட்டேன்.

"ஆவட்டுங்க" என்றார் அவர்.